சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று?

என்னிடம் பழைய அம்பாசடர் கார் ஒன்று உண்டு. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. என் வண்டி இன்னும் ஓடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு நான்கு புதிய டயர்களை மாட்டினேன். காற்றடிக்கும் கடையில் ஓர் இளைஞன், “எத்தனை பவுண்டு வைக்கணும், சார்?” என்று கேட்டான். வாழ்நாளெல்லாம் பிறரைக் கேள்வி கேட்டே பழகிய தலைமையாசிரியனாகிய எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அவன் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தான். 44 என்றிருந்தது, அவ்வளவும் அடித்துவிட்டான்.

அன்று மாலை தூறல். வளைவொன்றில் பிரேக்கை மிதித்ததும் வண்டி வழுக்கிச் சென்று, புளியமரம் ஒன்றுக்கு ஒரு முழம் முன்பாக நின்றது. உடனிருந்த என் பேரனுக்குக் காயமில்லை. பிழை அந்த இளைஞனுடையதன்று; விடை தெரியாமலே தலையசைத்த என்னுடையதே. அந்த விடையைத் தேடப் புகுந்தபோது, அது ஒரு வரலாற்றுப் பாடமாகவே விரிந்தது.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன், ஆண்டு 1845. மோட்டார் வண்டி பிறவாத காலமாதலால் உலகம் அதை மறந்தது. பின்னர், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதே கருத்தைத் தாமாகவே கண்டு, 1888-இல் காப்புரிமை பெற்றார். 1895-இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் டயர்கள் பழுதாயின; பரிசும் கிட்டவில்லை. ஆயினும் காரைக் காற்று தாங்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

எவ்வாறு தாங்குகிறது? மாணவர்களே, இது நீங்கள் அறிந்த எளிய கணக்குத்தான். ஒரு சக்கரத்தின் மேல் 600 பவுண்டு எடை இருக்கிறது என்று கொள்வோம். உள்ளிருக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தினால், டயர் ஏறத்தாழ 20 சதுர அங்குலம் தரையில் பதியும். அது ஓர் அஞ்சலட்டையின் பரப்பு. நம் உயிர் அத்தகைய நான்கு அட்டைகளின் மேல்தான் ஓடுகிறது! அழுத்தத்தை 44 ஆக்கினால் ஒவ்வோர் அட்டையிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். மழைநாளில் என் வண்டி வழுக்கியதற்குக் காரணம் விளங்கிற்று.

தொடக்கக் காலத்துக் கார்களின் ஒல்லியான டயர்களில் 50, 60 பவுண்டு கூட அடித்தார்கள். 1923-இல் பருத்த ‘பலூன்’ டயர்கள் வந்ததும் 30 பவுண்டளவே போதுமானதாயிற்று. வண்டியும் டயரும் மாறும்போதெல்லாம் எண்ணும் மாறியது.

இதை மறந்தால் நேரக்கூடிய கேட்டுக்கு ஒரு சான்று உண்டு. 1960-ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் வந்த கார்வேர் என்னும் காருக்கு எஞ்சின் பின்புறம். அதனால் முன் டயர்களுக்கு 15, பின் டயர்களுக்கு 26 என்று விதித்தனர். நான்கிலும் ஒரே அளவாக அடிப்பதே வழக்கமாயிருந்த நாட்டில், இவ்வேற்றுமையை எத்தனை பேர் கவனிப்பர்? உரிமையாளரின் இந்த ஒரு கவனத்தை நம்பியே வண்டியின் நிலைப்பை விட்டது தவறு என்று ரால்ஃப் நேடர் 1965-இல் தம் நூலில் சாடினார். 1972-இல் வெளியான அரசாங்க ஆய்வு, அக்கார் தன் காலத்துப் பிற கார்களைவிட மோசமானதன்று என்றது. வழக்கு எப்படியாயினும், பாடம் ஒன்றே: எண் டயருக்கு மட்டும் உரியதன்று, வண்டிக்கும் டயருக்கும் சேர்த்தே உரியது.

என் வண்டிக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் உள்ள எண் அது தாங்கவல்ல மேல் எல்லை, அடிக்கவேண்டிய அளவன்று. வண்டியின் கையேட்டிலிருந்த எண்ணோ, பழைய குறுக்கிழை டயருக்கு எழுதியது. நான் மாட்டியவை மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் வகையைச் சார்ந்தவை. பக்கச் சுவர் மென்மையான இவற்றுக்குச் சிறிது கூடுதல் காற்று வேண்டும் என்பது பழைய கார் வைத்திருப்போர் கைக்கொள்ளும் வழக்கம். ஆகவே கையேட்டு எண்ணில் தொடங்கி, இரண்டிரண்டு பவுண்டாக ஏற்றிப் பார்த்தேன். ஓடிய டயர் சூடேறி உள்ளழுத்தம் கூடுமாதலால், காலையில் வண்டியை எடுக்குமுன்பே அளந்தேன்.

பிறகு என் பழைய தோழனாகிய சுண்ணக்கட்டி உதவிக்கு வந்தது. டயரின் குறுக்கே தடிப்பாக ஒரு கோடு இழுத்து, வண்டியை நேராகச் சிறிது தூரம் ஓட்டினேன். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று மிகுதி. ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சீராக அழிந்தால் சரி. முன்னே 28, பின்னே 30 என்ற அளவில் கோடு சீராக அழிந்தது. இது என் வண்டிக்கும் என் டயருக்கும் மட்டுமே உரிய விடை. வேறு வண்டிக்குப் பொருந்தாது.

எண் கண்ணெதிரே பொறிக்கப்பட்டிருக்கலாம். அது எதன் அளவு, எதற்காக எழுதியது என்று கேட்ட பிறகே அதைக் கைக்கொள்ளுங்கள். நான் கேளாத அக்கேள்வியை நீங்கள் கேட்பீர்களானால், புளியமரத்தடியில் நான் நடுங்கியது வீண்போகவில்லை என்று கொள்வேன்.