தகரக் கூரையின் கீழ்

போர் வரலாறு எழுதுவோர் படைகளின் எண்ணிக்கையையும் வெற்றி தோல்வியையும் கூறுவர். வீரர் உறங்கிய கொட்டகையை எட்டிப் பார்ப்போர் சிலரே. இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கு இங்கிலாந்தில், குறிப்பாக லிங்கன்ஷயர் வயல்வெளிகளில் எழுந்த விமானத் தளங்களின் குடியிருப்புகள் அவ்வாறு எட்டிப் பார்க்கத் தக்கவை.

பீப்பாயை நெடுகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற அந்த நெளிதகரக் கொட்டகையை, பீட்டர் நிஸ்ஸன் என்னும் படைப் பொறியாளர் 1916ஆம் ஆண்டு வடிவமைத்தார். நடுவே ஓர் இரும்புக் கணப்பு. அதனருகே படுத்தவர் வெந்தார். சுவரோரம் படுத்தவர் விறைத்தார். எரிகரி அளவாகவே வழங்கப்பட்டது. ஆதலால் எதிரியின் நகரங்கள்மீது பறந்தவர்களே, ஓய்வு இரவுகளில் தம் தளத்துக் கரிக்கிடங்கின்மீது படையெடுத்தனர். அடுத்த கொட்டகையின் புகைபோக்கிக்குள் அடையாள ஒளிக்குண்டைப் போட்டு, உள்ளிருப்போர் இருமிக்கொண்டு ஓடிவருவதைக் கண்டு களித்தோரும் உண்டு. விருந்து நாள்களில் உணவுக்கூடத்தின் கூரையிலே கரிய பாதச்சுவடுகள் தோன்றும். தோழன் ஒருவனின் காலில் கரி பூசி, தலைகீழாகத் தூக்கிப் பதித்தவை அவை.

பொதுமக்களுக்கு வாரம் ஒரு முட்டை கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது. தாக்குதலுக்குச் செல்வோர்க்கோ பொரித்த முட்டை உண்டு. புறப்படுமுன் ஒருவன் கேட்பான்: "நீ திரும்பி வராவிட்டால் உன் முட்டையை நான் எடுத்துக்கொள்ளலாமா?" கேட்டவனும் சிரித்தான், கேட்கப்பட்டவனும் சிரித்தான்.

அச்சிரிப்பின் விலையை எண்கள் சொல்லும். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்தோர் ஏறத்தாழ 1,25,000 பேர். மாண்டோர் 55,500க்கும் மேற்பட்டோர். முதற்சுற்றுப் பணி முடிய 30 பயணங்கள் பறக்க வேண்டும். லங்காஸ்டர் விமானத்தில் செல்வோர் எழுவர். அது திரும்பாவிடின் ஒரே இரவில் ஏழு கட்டில்கள் வெறுமையாயின. அவர்தம் உடைமைகளைத் திரட்ட ஆள் வருவர். வீட்டாரை வருத்தக்கூடிய கடிதங்கள் இருப்பின் அகற்றுவர். விரைவிலேயே அக்கட்டில்களில் புதிய இளைஞர் படுத்திருப்பர்.

'இறந்தான்' என்று எவரும் சொல்லவில்லை. 'ஒரு பர்ட்டன் குடிக்கப் போய்விட்டான்' என்றனர். பர்ட்டன், பீருக்குப் பெயர்பெற்ற ஊர். இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பதை மங்கலம் என்றும், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்றும் நம் இலக்கணம் வகுத்தது. அத்தகரக் கூரையின் கீழ் அவ்விரண்டும் ஒரே சொல்லாயின. இலக்கணம் அறியாத இருபது வயது இளைஞர், தாம் மறுநாளும் பறக்க வேண்டியிருந்ததால் அச்சொல்லைப் படைத்துக்கொண்டனர்.