சிறு பயிர்களும் நஞ்சின் அளவும்

வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி முழுவதும் வயலோடு நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு சிறு பங்கு இலையிலும் காயிலும் கனியிலும் தங்கி, சந்தையின் வழியாக நம் உண்கலத்தை வந்தடைகிறது. அவ்வாறு எஞ்சி நிற்பதை எச்சம் என்று விஞ்ஞானிகள் வழங்குவர். எவ்வளவு எச்சம் தீங்கற்றது, எவ்வளவு தீங்குடையது என்பதை அளந்து சட்டத்தால் வரையறுக்க மனிதன் மேற்கொண்ட முயற்சி, இருபதாம் நூற்றாண்டுச் சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயமாகும். அந்த அத்தியாயத்தில் அதிகமாகப் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. கோதுமையையும் சோளத்தையும் போன்ற பெரும் பயிர்களைச் சோதிக்கப் பலர் முன்வருவர்; ஒரு சில மாவட்டங்களில் மட்டும் விளையும் கீரையையும் மூலிகையையும் கனியையும் சோதிப்பவர் யார்? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் காணப்பட்ட விடையின் வரலாற்றையே இங்கே கூற எண்ணுகிறேன்.

பயிர்களின்மீது கடும் நஞ்சைத் தூவும் வழக்கம் அந்நாட்டில் 1860-களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. கொலராடோ வண்டு என்னும் பூச்சி உருளைக்கிழங்கு வயல்களை அழித்துக்கொண்டே கிழக்கு நோக்கி முன்னேறியது. அதைத் தடுக்க, செம்பும் பாஷாணமும் கலந்த 'பாரிஸ் பச்சை' என்னும் சாயப்பொடியை விவசாயிகள் கையாண்டார்கள். 1890-களில் ஈயமும் பாஷாணமும் சேர்ந்த மற்றொரு நஞ்சு வந்தது. ஆப்பிள் தோட்டங்களில் அதுவே பல ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. பூச்சி மடிந்தது, பழம் பளபளத்தது, தோலின்மேல் படிந்த வெண்மையைப் பற்றிக் கவலைப்பட்டவர் சிலரே.

கவலை கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில், பாஷாணம் கலந்த பீர் பானத்தை அருந்தி ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். அதனை விசாரித்த அரச ஆணைக்குழு, ஒரு பவுண்டு உணவில் ஒரு கிரெயினின் நூறில் ஒரு பங்குக்கு மேல் பாஷாணம் இருத்தல் கூடாது என்று 1903-இல் பரிந்துரைத்தது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் ஆதலால், இது ஏழு லட்சத்தில் ஒரு பங்கு ஆகும். 1920-களின் நடுவில் லண்டன் சந்தைக்கு வந்த அமெரிக்க ஆப்பிள்களில் இந்த அளவை மீறிய பாஷாணம் காணப்பட்டது. இறக்குமதியே நின்றுவிடும் என்ற நிலை தோன்றிய பிறகுதான், அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பழங்களை நீர்த்த அமிலத்தில் கழுவத் தொடங்கினார்கள். உண்பவரின் உடல்நலம் பேசியபோது அசையாதவர்களை, ஏற்றுமதி வாணிபம் பேசியபோது அசைய வைத்த நிகழ்ச்சி இது.

1939-இல் ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் பால் முல்லர் டி.டி.டி. என்னும் பொருளின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். அதற்காக 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிய ரசாயனங்கள் வெள்ளம்போல் வயல்களில் பாய்ந்தன. ஒவ்வொன்றின் தீங்கையும் அரசாங்கமே தேடி நிரூபிக்க வேண்டும் என்றிருந்த முறை, இந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே 1954-இல் அமெரிக்கக் காங்கிரஸ் உணவுச் சட்டத்தைத் திருத்தியது. மருத்துவராகவும் இருந்த மில்லர் என்ற உறுப்பினரின் பெயரால் அது மில்லர் திருத்தம் எனப்பட்டது. மருந்தை விற்க விரும்புபவர், அதன் எச்சம் ஒவ்வொரு பயிரிலும் எவ்வளவு நிற்கும் என்பதை முதலில் சோதித்துக் காட்ட வேண்டும். அதன்மேல் அரசாங்கம் அந்தப் பயிருக்கென்று ஓர் அனுமதி அளவை விதிக்கும். அளவு விதிக்கப்படாத பயிரில் எச்சம் காணப்பட்டால் அந்த விளைச்சல் விற்பனைக்கு உரியதன்று. இதுவே அத்திருத்தத்தின் சாரம்.

இச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். பயிர் விளையும் வெவ்வேறு மண்ணிலும் தட்பவெப்பத்திலும் பல வயல்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு வயலிலும் ஒரு பாத்தியில் மருந்து தெளிப்பார்கள். மற்றொரு பாத்தியை ஒப்புநோக்குவதற்காக மருந்தின்றி விடுவார்கள். அனுமதி கோரப்படும் முறைகளுள் மிகக் கடுமையானதையே கையாள்வார்கள். அதாவது, மிகுதியான அளவில் தெளித்து, குறைந்த இடைவெளியில் அறுவடை செய்வார்கள். பறித்த மாதிரிகள் உறையவைக்கப்பட்டு ஆய்வுக்கூடம் சேரும். அங்கே அவற்றை அரைத்துக் கரைப்பானில் எச்சத்தைப் பிரித்தெடுத்துக் கருவியால் அளப்பார்கள். அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதனினும் நூறு மடங்கு குறைவு. அளப்பவர் தம் திறமையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். தூய மாதிரியில் தெரிந்த அளவு நஞ்சைத் தாமே கலந்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். கலந்தது கிடைக்காவிடில், ஏனைய அளவுகளையும் நம்ப இயலாது.

இத்தனையும் செய்யப் பெரும் பொருட்செலவு ஆகும். சட்டம் எதிர்பாராத சிக்கல் இங்கேதான் எழுந்தது. கோடிக்கணக்கான ஏக்கரில் விளையும் சோளத்திற்குச் சோதனை நடத்தினால், மருந்து விற்பனையில் அச்செலவு விரைவில் திரும்பிவிடும். குறைந்த பரப்பில் விளையும் புதினாவுக்கோ, முள்ளங்கிக்கோ அவ்வாறு திரும்புமா? திரும்பாது. ஆகவே உற்பத்தியாளர்கள் பெரும் பயிர்களுக்கு மட்டும் அனுமதி பெற்று நின்றுவிட்டார்கள். சிறு பயிர் விளைவிப்பவனுக்கு இரண்டே வழிகள் எஞ்சின: பயிரைப் பூச்சிக்குக் கொடுப்பது, அல்லது அனுமதியில்லாத மருந்தை யாரும் அறியாமல் தெளிப்பது. முதலாவது அவன் வாழ்வைக் கெடுக்கும். இரண்டாவது உண்பவரின் வாழ்வைக் கெடுக்கலாம்.

எச்சத்தால் ஒரு சிறு பயிருக்கு நேரக்கூடிய கேட்டை 1959-ஆம் ஆண்டு நாடறியக் காட்டியது. கிரான்பெரி என்பது சதுப்பு நிலத்தில் விளையும் புளிப்பான செந்நிறக் கனி. நவம்பர் மாதத்தில் வரும் நன்றியறிதல் திருநாள் விருந்தில் அது தவறாமல் இடம்பெறும். அமினோட்ரையசோல் என்னும் களைக்கொல்லியை அறுவடைக்குப் பின்னரே தோட்டத்தில் தெளிக்கலாம் என்பது விதி. கனியில் அதற்கு அனுமதி அளவு எதுவும் விதிக்கப்படவில்லை. சிலர் விதியை மீறி முன்னதாகவே தெளித்துவிட்டனர். எலிகளின் தைராய்டு சுரப்பியில் அந்த ரசாயனம் புற்றுநோயை உண்டாக்கியதென்று சோதனைகள் காட்டியிருந்தன. 1959 நவம்பர் 9-ஆம் நாள், சுகாதாரத் துறையின் பொறுப்பை வகித்த ஆர்தர் ஃபிளெமிங், வாஷிங்டன், ஆரிகான் மாநிலங்களில் விளைந்த கனியின் ஒரு பகுதியில் அந்த எச்சம் காணப்பட்டதாக அறிவித்தார். திருநாளுக்கு இன்னும் 17 நாள்களே இருந்தன. கடைகள் கனியை அகற்றின. மக்கள் வாங்க மறுத்தனர். விதியைக் காத்தவரின் கனியும் விதியை மீறியவரின் கனியும் ஒன்றுபோலத் தேங்கின. பின்னர் சோதிக்கப்பட்ட சரக்குகளுக்கு நற்சான்று வழங்கப்பட்டது. 1960-இல் அரசாங்கம் இழப்பீடும் அளிக்க முன்வந்தது. ஆயினும், சிலருடைய பிழைக்குப் பயிர் முழுவதுமே விலை கொடுக்க நேர்ந்ததை மக்கள் கண்டுகொண்டார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின், 1962-இல், ரேச்சல் கார்சன் அம்மையாரின் 'மௌன வசந்தம்' வெளிவந்து பூச்சிக்கொல்லிகளைப் பற்றிய விவாதத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

இந்தச் சூழ்நிலையில் சட்டத்தைச் சிறு பயிர்களுக்காகத் தளர்த்துவது எளிய வழியாகத் தோன்றியிருக்கும். ஆனால் புதினாவில் நிற்கும் நஞ்சு, சிறு பயிரில் நிற்பதனால் சிறு நஞ்சாகிவிடாது. மாநில விவசாய ஆராய்ச்சி நிலையங்களின் தலைவர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தனர். சட்டம் கேட்கும் சான்றை அப்படியே கொடுப்போம். கொடுக்க ஆளில்லாத இடத்தில் பொதுமக்களின் பணத்தால் நாமே கொடுப்போம் என்று முடிவு செய்தனர். 1963-இல் விவசாயத் துறையின் துணையோடு, வட்டாரங்களுக்கிடையிலான நான்காம் ஆராய்ச்சித் திட்டம் தோன்றியது. ஐ.ஆர்.-4 என்பது அதன் சுருக்கப் பெயர். நியூ ஜெர்ஸியிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் பல பதிற்றாண்டுகள் அதன் தலைமையிடமாக விளங்கியது. பின்னர் அப்பொறுப்பு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு மாறியது.

இத்திட்டம் இயங்கும் முறை எளிமையானது. எந்தப் பயிருக்கு எந்த மருந்து தேவை என்ற வேண்டுகோளை விவசாயிகளும் விவசாய அலுவலர்களும் ஆராய்ச்சியாளர்களும் விடுக்கலாம். மருந்து உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் விடுக்கலாகாது. தேவையைச் சொல்பவன் நிலத்தில் நிற்பவனாக இருக்க வேண்டும் என்பதே கருத்து. ஆண்டுதோறும் கூடும் கூட்டத்தில் எவை முதன்மையானவை என்று தேர்ந்தெடுத்து, வயற்சோதனையும் ஆய்வுக்கூடச் சோதனையும் நடத்தி, முடிவை அரசாங்கத்தின் முன் வைக்கிறார்கள். 1970-க்குப் பின் அனுமதி அளிக்கும் பொறுப்பு சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்திற்கு வந்தது. 1982 முதல் நுண்ணுயிர்களைப் போன்ற உயிரியல் மருந்துகளுக்கும் இத்திட்டம் துணைபுரிகிறது. பொதுப் பணத்தில் சோதித்து ஒரு தனியார் சரக்குக்கு அனுமதி வாங்கித் தரலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் இச்சோதனையின் முடிவு அனுமதியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அளவு மிகுந்தால் அனுமதி மறுக்கப்படும். அதுவும் உண்பவருக்கு நன்மையே.

சான்று நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு ஒரு கசப்பான பாடமும் கிடைத்தது. இல்லினாய் மாநிலத்தில் இயங்கிய இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்னும் பெரிய சோதனைக்கூடம், பல பொருள்களுக்கான விலங்குச் சோதனைகளில் பொய்க் கணக்கு எழுதியது 1976-இல் வெளிப்பட்டது. 1983-இல் அதன் அதிகாரிகள் மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அதன் பயனாக 'நல்ல ஆய்வுக்கூட நடைமுறை' என்னும் விதிகள் பிறந்தன. 1989-இல் அவை வயலில் நடக்கும் எச்சச் சோதனைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டன. அன்று முதல், தராசைச் சரிபார்த்த நாளும், தெளிப்பானின் நீர் ஓட்டமும், மாதிரி உறைந்திருந்த வெப்பநிலையும் பதிவேட்டில் ஏறியாக வேண்டும்.

1988-இல் பழைய மருந்துகளையெல்லாம் மறுபடி சோதித்துப் பதிய வேண்டும் என்ற திருத்தம் வந்தது. செலவுக்கு அஞ்சிய நிறுவனங்கள் சிறு பயிர்களையே முதலில் கைவிட்டன. 1996-ஆம் ஆண்டின் உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் நலத்துக்காக அனுமதி அளவுகளை மேலும் கடுமையாக்கியது. அதே சட்டம், 3 லட்சம் ஏக்கருக்குக் குறைவாக விளைவதைச் சிறு பயிர் என்று இலக்கணம் வகுத்து, அவற்றுக்குச் சில சலுகைகளும் தந்தது. பயிர்களைக் குடும்பம் குடும்பமாகத் தொகுக்கும் முறையும் துணைசெய்தது: ஒரு குடும்பத்தின் பிரதிநிதிகளாகச் சில பயிர்களைச் சோதித்தால், அவற்றின் உறவினங்களுக்கும் அளவு விதிக்கலாம். கோதுமைக்கு 20 வயல்களில் சோதனை வேண்டும். மிகமிகச் சிறிய பரப்பில் விளைவதற்கோ ஒன்றிரண்டே போதும்.

நம் நாட்டிலும் இத்துறையின் சட்டம் ஒரு துயரத்திலிருந்தே பிறந்தது. 1958-இல் கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நிகழ்ச்சியின் விசாரணையைத் தொடர்ந்தே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உருவாயிற்று. இங்கும் பெரும் பயிர், சிறு பயிர் என்ற வேற்றுமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில், தனி அளவு விதிக்கப்படாத பயிருக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது எல்லையே செல்லும். அது பத்துக் கோடியில் ஒரு பங்கு. கறிவேப்பிலையும் ஏலக்காயும் அனுப்புகிறவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் நன்றாகத் தெரியும். தரவு இல்லாத பயிருக்கு வாயில்லை. உலக நாடுகளுக்குப் பொதுவான அளவுகளைக் கூறும் கோடெக்ஸ் ஆணையம் 1963-இல் பணியைத் தொடங்கியது; சிறு பயிர்களுக்கென்றே முதல் உலக மாநாடு 2007 டிசம்பரில் ரோம் நகரில் கூடியது.

இவ்வரலாறு மாணவர்களுக்கு உணர்த்துவது ஒன்று. சான்றைக் கேட்கும் சட்டம் நல்ல சட்டம். ஆனால் சான்றைத் தேடும் பொருளும் கருவியும் இல்லாதவனிடம் அதையே கேட்டு நின்றால், அச்சட்டம் வலியோருக்கு மட்டுமே வழிவிடும். அளவுகோலைக் குறைக்காமல், அளக்க இயலாதவனுக்காகப் பொதுமக்கள் அளந்து கொடுப்பதே நேர்மையான வழி. அந்த அளவுகளில் நம்பிக்கை வைக்க வேண்டுமானால், தாம் கலந்த நஞ்சைத் தாமே திரும்ப அளந்து பார்க்கும் பொறுமையுடைய ரசாயன மாணவர்கள் வேண்டும். மருந்து தெளிக்காத பாத்தியையும் அதே கவனத்தோடு காக்கும் விவசாய மாணவர்கள் வேண்டும். இப்பணிக்கு வருகின்றவர்கள் புகழை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் எழுதும் எண் ஒவ்வொன்றும், பெயர் தெரியாத ஒரு வீட்டில் குழந்தையின் இலையில் வைக்கப்படும் கீரைக்கு ஒரு காவலாக நிற்கும்.