பெரியப்பா போட்ட சீகோ

சீகோ ஃபைவ் வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். சாத்தான்குளத்து அத்தை எனக்குக் கொடுத்த வாட்சில் ஒன்று 6309 என்று தொடங்குகிறது. மற்றது ஆறு இலக்க எண். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் 1, 4. வாட்சின் ஜாதகமே இவ்வளவுதான்.

6309 என்பது உள்ளே ஓடும் மெஷினின் எண். ஆறு இலக்க எண்ணில் முதல் இலக்கம், தயாரான ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது இலக்கம் மாதம். அக்டோபருக்கு 0, நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில எழுத்து. அப்படியானால் 1 என்பது 1971-ஆ, 1981-ஆ, 1991-ஆ? மெஷின் எண்தான் தீர்ப்புச் சொல்லும். 6309 ஜப்பானில் 1976 முதல் 1988 வரைதான் தயாரானது. ஆக, 1981 ஏப்ரல். மெஷினைப் பார்க்காமல் வரிசை எண்ணை மட்டும் படிப்பவர்கள் பத்து வருஷம் தவறிப்போவார்கள்.

"கல்யாணத்துக்கு எங்க அண்ணன் போட்டதுய்யா" என்றுதான் அத்தை சொல்லிக் கொடுத்தார். அண்ணன் என்றால் துபாயில் வேலை பார்த்த என் பெரியப்பா. கல்யாணப் பத்திரிகை பத்திரமாக இருக்கிறது: 1981, தை மாதக் கடைசி, சாத்தான்குளம், திருநெல்வேலி மாவட்டம். அந்த ஊர் இன்று இருக்கும் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-ல்தான். கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதமாவது கழித்துத்தான் இந்த வாட்சே தயாராகியிருக்கிறது. கல்யாண போட்டோவில் மாமா கையில் இருப்பதும் தோல் வார் போட்ட வேறொரு வாட்ச்.

பெரியப்பா வாங்கிக் கொடுத்தார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. சாவியை இழுத்துத் திருப்பினால் கிழமை ஒருமுறை ஆங்கிலத்திலும் அடுத்து அரபியிலும் மாறி மாறி வருகிறது. வளைகுடா நாடுகளில் விற்பதற்கென்று சீகோ இப்படி அரபிக் கிழமை போட்டு அனுப்பியது. பெரியப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் 1982 ஜனவரி முதல் வாரம் பம்பாயில் இறங்கிய முத்திரை இருக்கிறது. தை பிறக்கச் சில நாள் முன்பு. கல்யாணத்துக்கு வர முடியாத அண்ணன், தங்கச்சியின் தலைப்பொங்கலுக்கு வந்திருக்கிறார். இது பொங்கப்படியோடு போன வாட்ச்.

அன்று அது எவ்வளவு பெரிய சீர் என்பது இன்று பிள்ளைகளுக்குப் புரியாது. வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். ஊரில் மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றால் எச்.எம்.டி.தான். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கியது அதன் வாட்ச் தொழிற்சாலை. உழைப்பான வாட்ச், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓசூர் டைட்டன் வருவதற்கு இன்னும் சில வருஷம் இருந்தது. சாவி கொடுக்காமலே, கை அசைவிலேயே ஓடும் வாட்சை மாமா பஜாருக்குக் கட்டிப் போனபோது, கடைக்கு வந்தவர்கள் வாங்கி ஆட்டிப் பார்த்திருப்பார்கள்.

மாமாவின் பலசரக்குக் கடையில் அது முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது. செயின் கண்ணிகளுக்குள் தேரிச் செம்மண் இறுகிக் கிடந்தது. மூடியைக் கழற்றினால் உள்பக்கம் ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிய தேதிகள்: 87, 93, 2004. ஆயில் போட்டவர்கள் தங்களுக்காக எழுதி வைத்த குறிப்பு அது. எனக்கு அதுதான் இந்த வாட்சிலேயே மதிப்புள்ள இடம்.

டயலும் பழையதுதான். டயலின் அடிவிளிம்பில், ஆறு மணிக்கு அருகே, லென்ஸ் வைத்தால்தான் தெரிகிற அளவில் 6309 என்று அச்சிட்டிருக்கிறது. மூடியில் உள்ள மெஷின் எண்ணோடு ஒத்துப்போகிறது. இன்று இணையத்தில் பளபளவென்று விற்கும் பழைய சீகோக்களில் ஏராளமானவை மும்பையில் டயலுக்கு மறுபெயின்ட் அடித்தவை. அவற்றில் இந்தச் சின்ன எழுத்து காணாமல் போயிருக்கும், அல்லது மெஷினுக்குப் பொருந்தாத எண் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகும் முன் மூடியையும் டயலையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஆயில் மட்டும் போடச் சொல்லுங்கள். டயலில் கைவைக்க விடாதீர்கள், மூடியைப் பாலிஷ் போட விடாதீர்கள். யார், யாருக்கு, எந்த வருஷம் கொடுத்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, வாட்சோடு சேர்த்து வையுங்கள்.