புறம்போக்கின் பாட்டு: அநீதிக்கு எதிரான தமிழ்க் கவிதையில் சொல் மீட்பு

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது அவ்வூர் மீனவர் குடியிருப்பு இடம்பெயர நேர்ந்தது. பிறகு அத்துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக, கடலின் ஒரு பகுதியைத் தூர்த்து, விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கவில்லை. நண்டும் இறாலும் விளையும் நீர்ப்பரப்பைச் சும்மா கிடக்கும் இடமாகப் பார்க்க ஒரு பெருநகரமே பழகிப்போயிருக்கிறது. இதை நான் கூட்டுப் பித்து என்பேன். கல்லெறியும் கூட்டத்துக்கு மட்டுமே உரியதன்று பித்து. ஊர் முழுவதும் ஒரு பொய்யை இயல்பென்று நம்பிக் கைகட்டி நிற்பதும் பித்துதான். அத்தகைய பித்து எப்போதும் ஒரு சொல்லில் குடியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பறித்துப் பொருளைத் திருப்பிப் போடுவதே தமிழ்க் கவிதை அநீதிக்குத் தந்த வலுவான மறுமொழி என்பதும், அந்த இடத்துக்கு வந்துசேர அதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆனது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

காட்டுப்பள்ளியை ஒட்டி ஓடும் கால்வாயிலிருந்தே தொடங்கலாம். 1876-78 காலத்துத் தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர் பெயர் எதற்கும் நிலைக்கவில்லை. அக்காலப் பஞ்சக் கும்மிகளும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பஞ்சக் கீர்த்தனைகளும் பசியைக் கண்ணெதிரே நிறுத்துகின்றன. ஆனால் முறையீடு பெரும்பாலும் மழைக்கும் கடவுளுக்குமே போகிறது. தானியம் கப்பலேறிக்கொண்டிருந்த நாளில் 'பஞ்சம்' என்ற சொல் இயற்கையின் தண்டனையாகவே நின்றது. அதைக் கவிஞர்களின் குறையாக நான் எண்ணவில்லை. துன்பத்தைச் சொல்ல மொழி இருந்தது. அதைச் செய்தவனைச் சுட்டும் மொழி இன்னும் கைக்கு வரவில்லை.

அந்த மொழியின் முதல் கீற்று பஞ்சத்துக்குச் சற்று முன்னரே தெரிந்தது. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரம் நுழைகிறது: பண்ணையாள் நந்தனைத் தில்லைக் கோயிலுக்குப் போகவிடாத நிலவுடைமையாளர். தடை விதியாக இருந்த இடத்தில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். இது சிறிய மாற்றமன்று. எனினும் ஓரிரவில் வயல்வேலை முடியும் அற்புதத்திலும், ஆண்டையின் மனமாற்றத்திலும், முடிவில் நந்தன் இறங்கும் தீயிலும்தான் சிக்கல் தீர்கிறது. நந்தனைக் குறித்த சாதிச் சொல் தீயில் கழுவப்படுகிறதே தவிர மறுக்கப்படவில்லை.

மறுப்பு வந்தது ஒரு நூற்றாண்டு கழித்து. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. இத்தகைய கொடுமைகள் தொடர்ந்த காலத்தில் எழுந்து, கே. ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் பரவியது கவிஞர் இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடல். அந்தத் தலைப்பே வாதம். கடவுளும் கருணையும் அங்கே துணைக்கு அழைக்கப்படவில்லை. 'மனுசன்' என்ற எளிய சொல் பன்மையில், தன்மைக் குரலில், ஆண்டையிடம் ஒருநாளும் சொல்ல முடியாத 'டா'வோடு திரும்பி வருகிறது. இலங்கையிலும் இத்தகைய மறுப்பு எழுந்தது. யாழ்ப்பாணத்தில் 1981-இல் நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது, கல்முனையில் பிறந்த எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். எரித்தவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட புத்தர் என்ற திருப்பெயரையே எடுத்து, நீங்கள் கொன்றது அவரைத்தான் என்று காட்டிய கவிதை அது. வெறிக்கு அரணாக நின்ற சொல்லே வெறிக்கு எதிரான சாட்சியானது.

இந்தத் தடத்தில்தான் 2017 பொங்கலையொட்டி வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வருகிறது. சொற்கள் கபேர் வாசுகியுடையவை; இசையமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார்; எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கச்சேரிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடினார். புறம்போக்கு என்றால் வரிவிதிப்புக்குப் புறம்பான பொதுநிலம்: ஏரி, ஓடை, களம், மேய்ச்சல், சுடுகாடு. தனியாருக்குப் போகக் கூடாது என்பதற்காகவே ஒதுக்கிய இடம், யாருக்கும் உதவாத இடமென்றும் பிறகு உதவாத மனிதனென்றும் பொருள் சரிந்து வசவானது. பாடல் அந்த வசவை ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகையில் ஏற்றி, பழைய பொருளை நினைவூட்டி, முடிவில் அந்தப் பெயரைத் தானே சூட்டிக்கொள்கிறது. 'மனுசங்கடா' மறுக்கப்பட்ட பெயரைக் கேட்டுப் பெற்றது. இது வசவாக எறியப்பட்ட பெயரை ஏந்திக்கொண்டது. இரண்டாவது இன்னும் கடினம்.

பாட்டால் எந்தத் துறைமுகம் நின்றது என்று கேட்கலாம். நின்றது என்று நான் சொல்லவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் பாட்டுக்குப் பிறகும் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து சேர்ந்தது. ஆனால் நிலம் பறிபோவதற்கு முன் அதன் பெயர் பறிபோகிறது. பாட்டு வேலை செய்வது அந்த முந்தைய இடத்தில். மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: நகரத்துக் கவிஞரும் கச்சேரிப் பாடகரும் மீனவர் சார்பில் பேசலாமா? நந்தனைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதிக்கும் இதே கேள்வி உண்டு. இதில் பாதியை ஏற்றுக்கொள்ள வேண்டும். கச்சேரி மேடையில் அரிதாகவே கேட்கும் சென்னைப் பேச்சுத் தமிழில் பாடியதால் அத்தூரம் குறைந்தது, நீங்கவில்லை. மற்றப் பாதிக்கு என் விடை, புறம்போக்கை வசவாக்கியது மீனவரல்ல, நகரம் என்பதே. தான் கெடுத்த சொல்லை நகரம் தன் நாவாலேயே திருத்துவது பிறர் குரலைப் பறிப்பதாகாது.

ஏரிக்கரை ஊர்களுக்கோ இந்தத் திருத்தம் தேவைப்பட்டதில்லை. பழவேற்காட்டில் யார், எந்த நாளில், எந்த நீரில் வலையிடலாம் என்பதை ஊர்கள் முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். துன்பத்துக்கும் அதே சொல். பாடச் சொல்வதற்கும் அதே சொல். அந்த முறைக்குப் பட்டா இல்லை. வருவாய்ப் பதிவேடு நீர்நிலைகளுக்கு எதிரே எழுதிவைத்திருப்பது புறம்போக்கு என்றுதான்.