சென்டர் இல்லாம ஜெயிச்ச கல்லூரி

எங்க காஞ்சிபுரத்துல பேஸ்கட்பால் டீம் சேர்க்கும்போது முதல் கேள்வியே, "சென்டருக்கு உயரமான பையன் இருக்கானா?" இல்லன்னா பாதி நம்பிக்கை அங்கேயே போயிடும். அப்படிப்பட்ட டீம்களுக்காகத்தான் இந்த 1964 கதை.

அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி. கோச் ஜான் வுடன். முதல் ஐவரில் யாருமே 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டல. அப்போ கல்லூரி ஆட்டத்துல ஷாட் கிளாக் கிடையாது. உயரமான அணி நிதானமா பந்தைக் கொண்டுவந்து, கூடைக்குப் பக்கத்துல நிற்கிற சென்டர்கிட்ட கொடுத்தா போதும். ஆனா 10 விநாடிக்குள்ள பாதி கோர்ட்டைத் தாண்டணும்னு விதி இருந்தது. துணைக் கோச் ஜெர்ரி நார்மன் அந்த 10 விநாடியைத்தான் குறிவெச்சார்.

அவர் வற்புறுத்திக் கொண்டுவந்தது 'ஸோன் பிரஸ்'. எதிரணி பந்தை உள்ளே எறிஞ்ச உடனே மறிக்கிறது. சென்டர் ஆடவேண்டிய ஃப்ரெட் ஸ்லாட்டர், தன் கூடையை விட்டுட்டு முன்வரிசைக்குப் போனார். கடைசிக் காவல், வாலிபாலும் ஆடின கீத் எரிக்சன். பந்தைப் பறிச்சா லாபம். பறிக்கலன்னாலும் எதிரணி அவசரப்படும்.

இறுதிப் போட்டியில டியூக் அணிக்கு 6 அடி 10 அங்குலத்துல ரெண்டு பேர். 30-27னு முன்னிலையில இருந்தாங்க. அடுத்த 16 புள்ளிகளும் வரிசையா யுசிஎல்ஏவுக்கு! முடிவு 98-83. அந்த சீசன்ல 30 ஆட்டம், 30 வெற்றி.

உயரத்துக்கு மதிப்பு கூடைக்குப் பக்கத்துலதான். மிச்ச கோர்ட் முழுக்க ஓடத் தெரிஞ்சவங்களுக்குச் சொந்தம். உங்க டீம்ல சென்டர் இல்லையா? ஆட்டத்தை அங்க நகர்த்துங்க.