ஜாதவ்பூரில் நிலைத்த தொழிற்கல்வி

கொல்கத்தாவில் குடியேறிய நம்மவர்களில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தை அறியாதவர் இல்லை. அது ஒரு கருத்து மோதலில் பிறந்தது என்பதைத்தான் பலர் அறியார். 1905இல் வங்கப் பிரிவினை, சுதேசிக் கிளர்ச்சி. அரசுக் கல்லூரிகளைப் புறக்கணித்த பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? இலக்கியம், அறிவியல், தொழில் மூன்றும் கலந்த தேசியக் கல்வி என்றனர் ஒரு சாரார். வக்கீல் தாரக்நாத் பாலித் ஒப்பவில்லை. தொழிற்கல்விதான் முதல்ல வேணும் என்பது அவர் கட்சி. 1906 ஜூலையில் அவர் தரப்பு வங்கத் தொழில்நுட்பப் பள்ளியைத் திறந்தது. ஆகஸ்டில் அரவிந்தரை முதல்வராகக் கொண்டு தேசியக் கல்லூரி எழுந்தது. ஒரே ஊரில், மாத இடைவெளியில் இரண்டு!

1910இல் இரண்டும் இணைந்தன. கிளர்ச்சி தணிய, கல்லூரிப் பிரிவு தேய்ந்தது, தொழிற்பிரிவு நிலைத்தது. என் கணிப்பில் காரணம் எளிது. சர்க்கார் அங்கீகாரமில்லாத பட்டத்துக்கு உத்தியோகம் ஏது? லேத் ஓட்டத் தெரிந்தவனிடம் பட்டத்தை யார் கேட்கப்போறாங்க? 1921இல் வேதிப்பொறியியல் வகுப்பு தொடங்கியது. பின்னர் ஜாதவ்பூரில் வேரூன்றி, 1955இல் பல்கலைக்கழகமானது.

பாலித்தோ 1912இல் தம் பெருஞ்செல்வத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்தக் கொடையில் அமைந்த பேராசிரியர் நாற்காலியில்தான் 1917இல் நம் சி.வி. ராமன் அமர்ந்தார்.