துணைநிரல்

துணைநிரல் (பெயர்ச்சொல்): முதன்மை மென்பொருளோடு சேர்ந்து இயங்கி, அதற்குப் புதிய வசதி தரும் சிறு நிரல். ‘ஆட்-ஆன்’ என்பதற்கு ஈடான சொல். ‘நீட்சி’ என்றும் வழங்கும்.

‘நிரல்’ பழஞ்சொல், வரிசை, ஒழுங்கு என்று பொருள். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று நிரல்நிறை. கணக்குப் பாடத்தில் அணியின் நெடுக்கு வரிசைக்கும் நிரல் என்றே பெயர். கட்டளைகளை வரிசையாக அடுக்குவதால் கணினி ‘புரோகிராமு’க்கும் அச்சொல் பொருந்திப்போனது.

துணைநிரல்களை ஏற்கும் முதன்மை மென்பொருளுக்கு எடுத்துக்காட்டு, ‘கோடி’. வீட்டுத் தொலைக்காட்சியில் படம், பாட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டித் தரும் கட்டற்ற மென்பொருள் இது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகப் பிறந்து ‘எக்ஸ்பிஎம்சி’ எனப்பட்டது. 2014-இல் பெயர் மாறியது. ஆனாலும் பைத்தான் நிரல்மொழியில் இதற்குத் துணைநிரல் எழுதுவோர் ‘இம்போர்ட் எக்ஸ்பிஎம்சி’ என்று இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

2021-இல் வந்த கோடியின் 19-ஆம் பதிப்பு பைத்தான் 2-ஐக் கைவிட்டு 3-க்கு மாறியது. திருத்தப்படாத துணைநிரல்கள் படுத்துவிட்டன. ‘ஆட்ஆன்.எக்ஸ்எம்எல்’ கோப்பில் பழைய பைத்தான் பதிப்பெண் இருந்தால் நிறுவவே விடாது. அதை மட்டும் மாற்றி ஒப்பேற்றினாலும், உள்ளே ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

துணைநிரல் முரண்டு பிடித்தால் உடனே அழித்துவிட வேண்டாம். கோடியின் அமைப்புகளில் பிழைதிருத்தப் பதிவை இயக்கிவிட்டு, துணைநிரலை மறுபடி ஓட்டுங்கள். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் தடுக்கியது என்பது பெரும்பாலும் ‘கோடி.லாக்’ பதிவுக் கோப்பில் இருக்கும்.